ஆமை போக ஒரு ஓட்டை

துறைமுகத்தில் அவளுக்கு ரேடியோ என்று பெயர். வைத்தவர் யாரோ தெரியாது, ஆனால் அவர் வாய்க்குச் சர்க்கரை போடத்தான் வேண்டும். காலையில் கண் விழித்ததும் ஆரம்பித்தால், ராத்திரி தலையணையில் தலை சாயும் வரை அவள் வாய் ஓயாது. ஊர்வம்பு பேசினாலாவது நாலு பேர் சுற்றி உட்கார்ந்து கேட்பார்கள். அவள் பேசுவது முழுக்க முழுக்க வலை. மீன்பிடி ஆராய்ச்சிக் கூடத்தில் வலை வடிவமைப்பது அவள் வேலை. எந்த வலைக்கண் எத்தனை விரல் அகலம், எந்த நூல் தண்ணீரில் எப்படிச் சுருங்கும், எந்த மீன் எந்தப் பக்கம் திரும்பும் என்று அவள் ஆரம்பித்துவிட்டால், எதிரில் நிற்பவருக்கு அவசரமாக ஏதாவது ஒரு வேலை ஞாபகம் வந்துவிடும்.

அப்படி எழுந்து ஓட முடியாத ஒரே மனிதர் அவள் புருஷன். துறைமுகத்தின் கிழக்குக் கொட்டகையில் வலை செப்பனிடுபவர். ஊசி என்று கூப்பிட்டால்தான் எல்லோருக்கும் தெரியும். கிழிந்த வலை எதுவானாலும் அவர் மடியில் போட்டால் போதும், எங்கே கிழிந்திருந்தது என்று போட்டவனுக்கே அடையாளம் தெரியாமல் திரும்பி வரும். பேச்சு என்று எடுத்துக்கொண்டால் மட்டும் மனிதர் சுத்தக் கஞ்சன். மனைவி சொல்லும் எதற்கும் அவரிடம் ஒரே பதில்தான்: "ம்."

வீடு பற்றி எரிகிறது என்றாலும் 'ம்'தான் வரும் என்று அவள் அண்ணனிடம் சொல்லி அங்கலாய்த்திருக்கிறாள். அண்ணன் சிரித்துவிட்டு, "மாப்பிள்ளை காதுல பஞ்சு வச்சிருக்காரோ என்னமோ. பதினாறு வருஷம் ஓடியிருக்குன்னா அதுதான் காரணமா இருக்கும்," என்றான். அண்ணனுக்குச் சொந்தமாக ஒரு விசைப்படகு இருந்தது, இறால் பிடிக்கப் போவான். தங்கையைக் கிண்டல் செய்வது அவனுக்கு உபதொழில்.

ஆனால் அந்த வருஷம் கிண்டலுக்கே நேரமில்லாமல் போனது. காரணம், ஆமைகள்.

இறால் படகுகள் பெரிய பை போன்ற வலையைக் கடலின் அடித்தரையில் இழுத்துக்கொண்டு போகும். வழியில் இருப்பதெல்லாம் உள்ளே வந்து விழும். ஆமையும் விழும். ஆமைக்கு மூச்சு விட மேலே வந்தாக வேண்டும். வலைக்குள் மாட்டினால் எப்படி வரும்? போன பருவத்தில் மட்டும் துறைமுகத்தை ஒட்டிய குடாவின் கரையில் அறுபது ஆமைகள் செத்து ஒதுங்கின. பள்ளிக்கூடப் பிள்ளைகள் பார்த்து அழுதார்கள். பெரியவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு பார்த்தார்கள். மீன்வளத் துறை ஓலை அனுப்பிவிட்டது: ஆமை தப்பித்துப் போகிற மாதிரி வலை செய்து காட்டுங்கள், நாலு சோதனைக்கு அவகாசம் தருகிறோம், நாலில் ஒன்றில்கூட ஆமை வெளியே வரவில்லை என்றால் குடா முழுவதையும் இறால் படகுகளுக்கு மூடிவிடுவோம்.

நாற்பது படகுகளுக்கு அந்தக் குடாதான் பிழைப்பு. அண்ணன் படகுக்கும் அதுதான். வலை வடிவமைக்கும் பொறுப்பு ரேடியோவின் தலையில் வந்து விழுந்தது.

அவள் செய்த வலையைக் குறை சொல்லவே முடியாது, அவ்வளவு அழகு. வலைக்குள்ளே சாய்வாக ஒரு கம்பித் தட்டி. இறால் சின்னது, கம்பிகளுக்கு நடுவே நுழைந்து பையின் கடைசிக்குப் போய்விடும். ஆமை பெரியது, தட்டியில் முட்டிச் சாய்வோடு மேலே சறுக்கும். அங்கே, வலையின் மேற்பக்கத்தில், ஒரு கதவு அகலத்துக்கு ஓட்டை. இறால் நழுவிவிடாமல் இருக்க, ஓட்டைமேல் வலைத் துணியில் ஒரு மூடி. ஆமை முட்டினால் மூடி விலகும், ஆமை போகும், மூடி தானாகப் படிந்துகொள்ளும். இதை எழுதும்போது எவ்வளவு சுலபமாக இருக்கிறது பாருங்கள்! அவளுக்கு இரண்டு வருஷம் பிடித்தது.

முதல் சோதனைக்கு முந்தின நாள் மதியம் வலையைக் கணவரின் கொட்டகைக்குக் கொண்டுவந்தாள். வண்டியில் ஏற்றி இறக்கியதில் அங்கங்கே நாலைந்து கண்கள் அறுந்திருந்தன. அதைச் சரி செய்து தரச் சொன்னாள். அவர் வலையை மடியில் இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். அவள் கவிழ்த்துப் போட்ட வாளியின் மேல் உட்கார்ந்து, வரைபடத்தை முழங்காலில் விரித்து, ஆமை எப்படி வரும், எங்கே முட்டும், எப்படி ஓட்டை வழியாகப் போகும் என்று ஒரு மணி நேரம் மூச்சு விடாமல் விளக்கினாள். பதினேழு தடவை 'ம்' வந்தது. கடைசியில், "சரிதானேங்க?" என்று கேட்டாள்.

"ம்."

"உங்ககிட்ட சொல்றதுக்கு இந்தத் தூணுகிட்ட சொல்லலாம்," என்று வரைபடத்தைச் சுருட்டிக்கொண்டு போனாள்.

சோதனைக்கு நிஜ ஆமையையா போட முடியும்? பழைய டயருக்குள் பஞ்சு அடைத்து, ரொம்ப மிதக்கவும் கூடாது ஒரேயடியாக முழுகவும் கூடாது என்று எடை பார்த்துக் கட்டி, ஒரு பொம்மை ஆமை செய்திருந்தாள். முதுகில் சிவப்புக் கொடி. அதை ஆறு பேர் சுமந்து வந்து, நிழல் பார்த்துக் கிடத்தி, வெயில் படாமல் தார்ப்பாய் போர்த்தினார்கள். அண்ணன் இடுப்பில் கை வைத்துப் பார்த்தான். "ஒரு வேலையும் செய்யாது, வந்ததும் எல்லாரும் எந்திரிச்சு நிக்கணும், நிழல்ல படுக்க வைக்கணும். நம்ம வீட்டுக்கு இன்னொரு மாப்பிள்ளை வந்தாச்சு!" அன்றிலிருந்து பொம்மைக்கு சின்ன மாப்பிள்ளை என்றே பெயராகிவிட்டது.

முதல் சோதனையில் சின்ன மாப்பிள்ளை வலைக்குள் போனார். வெளியே வரவில்லை. நீருக்கடியில் படம் பிடிக்கக் கட்டிவிட்ட கேமராவும் வரவில்லை, அது நிரந்தரமாகவே வரவில்லை. வலையை மேலே ஏற்றியதும் உள்ளே சம்மணம் போட்ட மாதிரி உட்கார்ந்திருந்தார், தலையில் இரண்டு நண்டு.

தட்டியின் சாய்வு போதவில்லை என்று நினைத்து மாற்றினாள். இரண்டாவது சோதனையிலும் அவர் உள்ளேயே இருந்தார். கம்பிகளின் இடைவெளியைக் குறைத்தாள், மிதவைகளைக் கூட்டினாள். மூன்றாவது தடவையும் அதே கதை. படகுக்காரர்கள் அவள் முன்னால் சிரிக்காமல் இருக்க மிகவும் சிரமப்பட்டார்கள். "விருந்துக்கு வந்த மாப்பிள்ளை அவ்வளவு சீக்கிரம் கிளம்புவாரா?" என்று ஒருவன் முணுமுணுத்தது அவள் காதில் விழுந்துவிட்டது.

சாய்வு, கம்பி, மிதவை, கயிறு என்று எல்லாவற்றையும் பிரித்து மேய்ந்தாள். தொடாதது மூடியை மட்டும்தான். அந்த மூடியில் அவளுக்குத் தனிப் பெருமை. கூடத்தில் எல்லோரும் கை தட்டியது அதற்குத்தான். அதில் தப்பு இருக்கவே முடியாது. ஒவ்வொரு தடவையும் வெளியிலிருந்து அதை ஒரு பார்வை பார்ப்பாள், அழகாகப் படிந்திருக்கும், மனசு நிறைந்துவிடும்.

நாலாவது சோதனைக்கு முந்தின மாலை, சாப்பாட்டுத் தட்டின் முன்னால் அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. "நாளைக்கும் வரலேன்னா குடாவை மூடிருவாங்க. அண்ணன் படகை வித்துட்டு எங்க போவான்? நாற்பது வீட்டுக்காரங்க மூஞ்சில நான் எப்படி முழிப்பேன்?"

"ம்," என்றார் அவர். தன் தட்டிலிருந்த மீன் துண்டை எடுத்து அவள் தட்டில் வைத்தார். அவள் அதைக் கவனிக்கும் நிலையில் இல்லை.

மறுநாள் காலை அண்ணன் படகில் மீன்வளத் துறை அதிகாரி ஏறினார். ஒல்லியான அம்மாள். வெள்ளைத் தொப்பி, கழுத்தில் கயிறு கட்டிய பேனா, சிரிப்பதற்குத் துறையின் முன் அனுமதி வேண்டும் என்பது போன்ற முகம். வலை இறங்கியதும் சின்னப் படகில் போனவர்கள் பொம்மையைக் கயிற்றில் இறக்கி அதன் வாய்க்கு நேரே விட்டார்கள். எல்லோரும் படகின் பின்பக்கம் வந்து தண்ணீரையே வெறித்தார்கள். ஐந்து நிமிஷம், பத்து நிமிஷம். சிவப்புக் கொடியைக் காணோம்.

வலையை ஏற்றினார்கள். உள்ளே சின்ன மாப்பிள்ளை பழைய இடத்திலேயே, மூடிக்கு நேர் கீழே, முட்டிக்கொண்டு கிடந்தார்.

ரேடியோகூடப் பேசவில்லை, அதுதான் எல்லோரையும் பயமுறுத்தியது. அதிகாரி குனிந்தார். பேனாவின் நுனியால் மூடியை மெல்லத் தூக்கினார்.

"ஏம்மா, இங்க ஓட்டை இருக்கும்னு வரைபடத்துல போட்டிருக்கீங்களே, அது எங்க?"

அவள் பாய்ந்து வந்து பார்த்தாள். மூடிக்குக் கீழே வலை இருந்தது. முழு வலை. ஓட்டை இருந்த இடத்தில் வரிசை வரிசையாகக் கண்கள், ஒன்றுக்கொன்று அச்சில் வார்த்த மாதிரி, முடிச்சுக்கு முடிச்சு ஒரே அளவில். இப்படி முடிச்சுப் போட இந்தத் துறைமுகத்தில் ஒரே ஒரு கைதான் உண்டு.

"அடப்பாவி மனுஷா!" என்று அவள் கத்தியது கரையில் கேட்டிருக்கும்.

அண்ணன் கத்தியை உருவினான். "இதுக்கென்ன, வெட்டி விட்டுட்டுத் திரும்ப இழுப்போம்."

"எதை வெட்டுவே? எது என் கண்ணு, எது அவர் போட்ட கண்ணுன்னு உனக்குத் தெரியுதா? ஒண்ணு தப்பினா ஓரம் பிரிஞ்சு ஓடிரும். அப்புறம் மூடி நிக்காது."

அண்ணன் கண்ணைச் சுருக்கிப் பார்த்தான். தொட்டும் தடவியும் பார்த்தான். "மாப்பிள்ளை வேலையே வேலைதான்," என்று சொல்லி, தங்கையின் முகத்தைப் பார்த்ததும் கத்தியை உறைக்குள் போட்டுக்கொண்டான்.

அதிகாரி கடிகாரத்தைப் பார்த்தார். "ஓட்டை இல்லாத வலையை நான் சோதனைன்னு கணக்குல எடுத்துக்க முடியாது. ஆனா நான் நாலு மணிக்குக் கிளம்பணும். அதுக்குள்ள வரைபடத்துல இருக்கிற வலையைத் தண்ணில இறக்கிக் காட்டுங்க. இல்லேன்னா தோல்வின்னு எழுதிட்டுப் போயிடுவேன்."

அப்போது மணி ஒன்று.

படகு கரையைத் தொடுவதற்கு முன்பே அவள் குதித்தாள். ஊசி கொட்டகையில் யாருடைய வலையையோ மடியில் போட்டுக்கொண்டு சாவதானமாக உட்கார்ந்திருந்தார். அவள் கேட்ட கேள்விகளை எல்லாம் இங்கே எழுதினால் தாள் போதாது. சுருக்கமாக: கண் இல்லையா, காது இல்லையா, மூளை இல்லையா, எதற்கு இப்படி என் வாயில் மண்ணைப் போட்டீர்கள்? பக்கத்துக் கொட்டகைக்காரர்கள் எல்லாம் கையில் டீ டம்ளரோடு வெளியே வந்துவிட்டார்கள்.

அவர் எழுந்து நின்றார். முகம் வெளிறிப்போனது. "நானா அடைச்சேன்?" என்றார்.

"பின்ன, ஆமையா வந்து தைச்சுக்கிச்சு? பதினாறு வருஷமா உங்ககிட்ட பேசிக்கிட்டிருக்கேன். ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை உங்க காதுல ஏறியிருந்தா இப்படிப் பண்ணியிருப்பீங்களா?" சொல்லும்போதே குரல் உடைந்தது. குடா போவது ஒரு பக்கம் இருக்கட்டும். இத்தனை வருஷம் சுவரோடு பேசிக்கொண்டிருந்திருக்கிறோமே என்பதுதான் அவளுக்கு அந்த நிமிஷம் நெஞ்சைக் கிழித்தது.

அவர் சின்னக் கத்தியையும் முடிச்சு நெகிழ்த்தும் எலும்பு முள் ஒன்றையும் எடுத்து மடியில் செருகிக்கொண்டு நேரே படகில் போய் ஏறினார். கடலைக் கண்டாலே குமட்டும் என்று இருபது வருஷமாகக் கரையை விட்டு நகராத மனிதர்!

படகு கிளம்பியது. அவர் வலையை மடியில் போட்டுக்கொண்டு பின்தளத்தில் உட்கார்ந்து முடிச்சு முடிச்சாகப் பிரிக்க ஆரம்பித்தார். நடுநடுவே எழுந்து ஓரமாகப் போய் வாந்தி எடுத்துவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு வந்து விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். அவள் எதிர்ப்பக்கம் கடலைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போய்விட்டது. ரேடியோவில் சத்தமே இல்லை.

அதிகாரிக்கு நேரம் போகவில்லை. "இந்தத் தட்டியை ஏன் இந்தச் சாய்வுல வச்சிருக்கீங்க?" என்று அவளிடம் கேட்டார். அவள் வாயைத் திறந்தாள், காற்றுதான் வந்தது.

"நிமிர்த்தி வச்சா ஆமை கம்பியிலேயே ஒட்டிக்கும் மேடம்," என்று ஒரு குரல் கேட்டது.

படகில் இருந்த அத்தனை பேரும் திரும்பினார்கள். ஊசி தலையைத் தூக்காமல் முடிச்சைப் பிரித்துக்கொண்டே பேசினார். "ரொம்பப் படுக்க வச்சா ஆமையோட சேர்ந்து இறாலும் போயிடும். இவ தொட்டியில போட்டு எட்டு தடவை பார்த்தா, சரிப்படல. ஒன்பதாவது தடவைதான் சரியா வந்துச்சு. போன மழைக்காலம். அன்னிக்கு வீட்டுக்கு வந்து சாப்பிடாமலே தூங்கிட்டா. கம்பி முதல்ல இரும்புல பண்ணினா, கனம் வலையை அமுக்குச்சு, மாத்தினா. மூடிக்கு அரை விரல் கண்ணு. பெரிய கண்ணு போட்டா ஆமையோட துடுப்பு மாட்டிக்கும். அது அவளுக்குக் கனவுல தோணிச்சு. என்னை எழுப்பிச் சொன்னா."

அண்ணன் சுக்கானை விட்டுவிட்டான். படகு ஒரு பக்கமாகச் சாய, அதிகாரி கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

அவள் எழுந்து வந்து அவர் முன்னால் நின்றாள். பேச்சு வரவில்லை, கிசுகிசுப்புதான் வந்தது. "இதெல்லாம்... கேட்டுக்கிட்டா இருந்தீங்க?"

"கேட்காம? வேற யாரு பேசறதை நான் கேட்கப் போறேன்?"

"அப்ப ஏன் அடைச்சீங்க?"

அவர் கை நின்றது. கொஞ்ச நேரம் தன் விரல்களையே பார்த்தார். அடுத்தவர் பொருளைத் திருடிக்கொண்டு வந்த பிள்ளைகளைப் பார்க்கிற மாதிரி இருந்தது அந்தப் பார்வை. "அன்னிக்கு மதியம் கொட்டகையில, ஆமை எப்படிப் போகும்னு சொல்லிக்கிட்டிருந்தியே. நான் மனசுக்குள்ள அந்த ஆமை கூடவே போயிட்டிருந்தேன். தட்டியில முட்டினது, மேல ஏறினது, வெளியில வந்தது... எல்லாம் பார்த்தேன். கை அது பாட்டுக்கு வேலை செஞ்சிருக்கு. முப்பது வருஷமா ஓட்டையைக் கண்டா அடைச்ச கை. என்கிட்ட கேட்காமலே முடிச்சிருச்சு."

"நான் எதிர்லதானே உட்கார்ந்திருந்தேன்!"

"ம். நீ வரைபடத்தைப் பார்த்துக்கிட்டிருந்தே."

அவளுக்குப் பொட்டில் அடித்த மாதிரி இருந்தது. ஒரு மணி நேரம். ஓட்டையைப் பற்றி இவள் வாய் கிழியப் பேசியிருக்கிறாள், இரண்டு முழம் தள்ளி அந்த ஓட்டை கண் கண்ணாக மூடிக்கொண்டு வந்திருக்கிறது, ஒரு தடவை தலையைத் தூக்கியிருந்தால் தெரிந்திருக்கும். அதன் பிறகும் மூன்று சோதனை. மூன்று தடவையும் மூடியைப் பார்த்துப் பூரித்துப் போனாளே ஒழிய, தூக்கிப் பார்க்கவில்லை.

மூன்றேகால் மணிக்குக் கடைசி முடிச்சு அவிழ்ந்தது. அவள் வெட்டிய ஓரம் ஒரு கண் சிதையாமல் அப்படியே இருந்தது. வலை இறங்கியது. சின்ன மாப்பிள்ளையும் இறங்கினார். ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்காது, படகுக்குப் பின்னால் தண்ணீரைப் பிளந்துகொண்டு சிவப்புக் கொடி மேலே வந்தது.

"கிளம்பிட்டாருடா!" என்று அண்ணன் அலறினான். ஆட்கள் ஒருவரை ஒருவர் கட்டிக்கொண்டு குதித்தார்கள். வலையை ஏற்றிப் பார்த்தால் பை நிறைய இறால், வழக்கத்துக்கு ஒரு கூடைகூடக் குறையவில்லை. அதிகாரி சிரித்தார். அவருக்குப் பல் இருப்பதே அப்போதுதான் எல்லோருக்கும் தெரிந்தது. குடா மூடப்படாது, ஆனால் அடுத்த மாதம் முதல் தேதிக்குள் நாற்பது படகும் இந்த வலைக்கு மாற வேண்டும் என்று அங்கேயே எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

பிறகு படிவத்தைத் திருப்பி அவளிடம் நீட்டினார். "முந்தின மூணு சோதனையும் தோத்ததுக்கு என்ன காரணம்? நீங்களே எழுதிக் கொடுங்க."

ஊசி தலையைக் குனிந்துகொண்டார். அண்ணன் வேறு பக்கம் பார்த்தான். அவள் பேனாவை வாங்கி, 'வடிவமைப்பாளர் மூடியைத் தூக்கிப் பார்க்கவில்லை' என்று எழுதிக் கொடுத்தாள். புருஷனைப் பற்றி ஒரு எழுத்து எழுதவில்லை.

மறுநாள் காலையில் கொட்டகை வாசலில் வலைகள் வந்து குவிய ஆரம்பித்தன. நாற்பது படகின் நாற்பது வலை. எல்லாவற்றிலும் ஓட்டை போட்டு, ஓரம் ஓடாமல் கட்டி, மூடி தைக்க வேண்டும். ஊசியை விட்டால் அதற்கு ஆள் கிடையாது.

அவள் வரைபடத்தோடு வந்தபோது அவர் முதல் வலையை மடியில் போட்டு, கத்தியைக் கையில் பிடித்தபடி, வெட்டாமல் உட்கார்ந்திருந்தார். நெற்றி முழுக்க வியர்வை.

"என்னங்க, உடம்பு சரியில்லையா?"

"நல்ல வலை," என்றார் அவர், கெஞ்சுகிற மாதிரி. "ஒரு கண்ணுகூட அறுந்திருக்கல. இதைப் போய் வெட்டணுமே."

"அது எனக்கும் தெரியுதுங்க. வெட்டலேன்னா ஆமை சாகும்."

"ம்." நெற்றியைத் துடைத்துக்கொண்டு முதல் கண்ணை வெட்டினார். அடுத்ததை வெட்டினார். பிறகு தன் இடது கை தானாகப் போய் நூல் சுற்றிய ஊசியைத் தேடுவதைக் கண்டு, அவரே பயந்துபோய்க் கையை இழுத்துக்கொண்டார். அவள் அதைப் பார்த்துவிட்டாள். சிரிக்க வேண்டும் போலவும் இருந்தது, அழ வேண்டும் போலவும் இருந்தது. பேசாமல் வாளியைக் கவிழ்த்துப் போட்டு எதிரில் உட்கார்ந்தாள். தொண்டை இன்னும் சரியாகவில்லை. இருந்தாலும் பழக்கம் விடுமா? வரைபடத்தை முழங்காலில் விரித்து வாயைத் திறந்தாள்.

அவர் கையை நீட்டி வரைபடத்தை எடுத்து, மடித்து, தன் தொடைக்குக் கீழே வைத்துக்கொண்டார்.

"பேசு," என்றார். "எவ்வளவு வேணும்னாலும் பேசு. ஆனா என்னைப் பார்த்துப் பேசு."